ஓரத்துப் புள்ளிகள்

கிரைண்டரில் உளுந்து விழுந்து கல் சுற்றத் தொடங்கிய அதே நேரத்தில், அரிசி டிரம்மின் மூடிமேல் திறந்து வைத்திருந்த லேப்டாப்பிலும் மஞ்சள் வட்டங்கள் சுற்றத் தொடங்கின, ஒன்றன்கீழ் ஒன்றாக, செண்பகவல்லி ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வட்டமும் எங்கோ ஓர் ஊரில் ஓர் இயந்திரம். அவள் எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர் நிரல் திருத்தத்தை எடுத்துப் போட்டு, ஓட்டி, உடைகிறதா உடைகிறதா என்று தட்டிப் பார்க்கிற இயந்திரம். உடையவில்லையென்றால் மஞ்சள் பச்சையாகும், உடைந்தால் சிவப்பு. கோவில்பட்டியில், ரயில் சத்தம் கேட்கிற இந்த வீட்டு அடுக்களையில் எழுதின பத்துப் பன்னிரண்டு வரி இப்போது எந்தெந்தத் தேசத்திலோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் ராட்டினத்தின் உச்சியிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது. சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, உளுந்துக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும், தெளித்தாள், விரல் நுனியில் சொட்டின மிச்சத்தைப் புடவையில் துடைத்தாள், அடடா, நல்ல புடவை, போகட்டும். ஏதாவது ஒன்று பச்சையாகிவிட்டதா. இல்லை. அதற்குள் ஆகாது. போன தடவை ஓடி முடிக்க ஒரு கிரைண்டர் மாவு நேரம் ஆனது, அதனால்தான் இன்றைக்கு மாவுக்குப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று நினைத்தாள், கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிப்பாள், கடித்துக் கடித்து இடதுகைப் பெருவிரல் எரிகிறது, அந்த விரலில்தான் உளுந்துத் தண்ணீர் பட்டுச் சுள்ளென்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, உயிரோடு இருக்கிற விரல். கூடத்திலிருந்து மாமனார் ஆவுடையப்பன் குரல் கொடுத்தார். “எம்மா, உளுந்து ஓடுதா, இல்ல நீ ஓடுதியா? ஒரே தடதடன்னு கேக்கு.” “ரெண்டுந்தான் மாமா.” “லைப்ரரி என்ன சொல்லுது?” “இன்னும் ஒண்ணுஞ் சொல்லல.”

லைப்ரரி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் தெருவில் செய்திருக்கிற வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, மருமகளுக்கு லைப்ரரியில் வேலை, வீட்டில் இருந்துகொண்டே பார்க்கிறாள் என்று மில்லில் கூட வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்து, ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் பழைய வாரப் பத்திரிகைகள் இருந்தால் கொடு என்று பையோடு வந்து நின்றாள். புத்தகமே இல்லாத லைப்ரரி அத்தை, கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற லைப்ரரி என்று சொன்னதற்கு, கம்ப்யூட்டருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், நியாயமான கேள்விதான். கண் இல்லை. கேமரா கொடுப்பது வெறும் எண்கள், புள்ளி புள்ளியாய், ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை சிவப்பு எத்தனை பச்சை எத்தனை நீலம் என்று எண்கள், அந்த எண் மழையிலிருந்து இது ஒரு முகம், இது ஒரு லாரி, இது பழுத்த தக்காளி என்று பிரித்துச் சொல்ல ஆயிரக்கணக்கான பேர் பல வருஷங்களாக எழுதிச் சேர்த்து வைத்திருக்கிற நிரல்கள், அதுதான் லைப்ரரி. யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுத்து உபயோகிக்கலாம், யாரும் திறந்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், தப்பென்று தோன்றினால் திருத்தி அனுப்பலாம். பஸ் ஸ்டாண்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் வருவார்கள், போவார்கள், பெருக்கித் துடைக்கிறவர்கள் மட்டும் ஒரு சிலர். அந்த ஒரு சிலரில் ஒருத்தர் ஈவார். நார்வேக்காரர் என்று நினைக்கிறாள், முகம் பார்த்ததில்லை, படத்துக்குப் பதில் ஒரு படகை வைத்திருக்கிறார். அவர் சரி என்றால்தான் எந்தத் திருத்தமும் உள்ளே சேரும். ஈவார். அந்தப் பெயரைப் பார்த்தாலே பல வருஷத்துக்கு முந்தின ஒரு மத்தியானம் அப்படியே வந்துவிடுகிறது, சென்னையில் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் எட்டாவது மாடி, ஏசி குளிர், அவள் முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பி வைத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்ததற்கு ஒரே வரியில் வந்த பதில். இது தேவைப்படுவதாகத் தெரியவில்லை, மூடுகிறேன். திட்டவில்லை, கேலி செய்யவில்லை, மூடுகிறேன், அவ்வளவுதான், கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற மாதிரி. கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள், பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டாள், ஒரு வரிக்கா அழுவது. தேவைப்படுவதாகத் தெரியவில்லை. பச்சை! முதல் வட்டம் பச்சை. “ஒண்ணு பாஸ் மாமா!” என்று கத்தினாள். “எத்தன பாடம்?” என்றார் அவர்.

நிறைய பாடம். ஒவ்வொரு வகைக் கணினியிலும் ஒவ்வொரு விதமாக ஓட்டிப் பார்க்கும், ஒன்றில் சரியாக ஓடுவது இன்னொன்றில் இடறும். இரண்டாவது பச்சை. கல் உருளுகிற சத்தம் இப்போது மெத்தென்று ஆகிவிட்டது, உளுந்து நுரைக்கத் தொடங்கிவிட்டது, வெள்ளை வெளேரென்று, வெள்ளைமேல் வெள்ளை, இதில் ஒரு கறுப்புத் தொலி இருந்தால் அவளுடைய கண் எங்கிருந்தாலும் பிடித்துவிடும், இதோ ஒன்று, எடுத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் கண் பிடிக்கிறது. கண்ணுக்கு நடு என்றும் ஓரம் என்றும் கிடையாதா, இருக்கிறது, ஆனால் நாம் தலையைத் திருப்புகிறோம். மதுரைக் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெனாசிர் அந்தப் படத்தை அனுப்பிய அன்றைக்கு அவள் தலையைத் திருப்பவில்லை, அதுதான் உண்மை. சின்னக் கம்பெனி, எட்டுப் பத்துப் பேர், சளியைக் கண்ணாடிச் சில்லில் பூசிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று தானே பார்த்துச் சொல்கிற ஒரு பெட்டியைச் செய்கிறார்கள், டாக்டர் போகாத ஊருக்கு எல்லாம் அந்தப் பெட்டி போகும், முகாம் போடுவார்கள், செண்பகவல்லி வீட்டிலிருந்தே அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுகிறாள். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள், கிருமி அப்படித்தான் தெரியும், மெலிசாய், லேசாய் வளைந்து. முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்குத் தீக்குச்சிதான் ஞாபகம் வந்தது, இந்தத் தீப்பெட்டி ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன ஞாபகம் வரும், மருந்து முக்காத வெறுங்குச்சி, பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டத்தில் அடுக்கின குச்சி, விரல் நுனியில் அந்த மரவாடை. படத்துக்குப் படம் குச்சிகளை எண்ணவேண்டும். நிறைய இருந்தால் யாருக்கும் தெரியும். நூறு படத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கிற ஆட்கள்தான் கஷ்டம், அந்த ஒன்றிரண்டைத் தவறவிட்டால் பெட்டி ஒன்றுமில்லை என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். அக்கா, இதுல ஒண்ணு தெரியுது, பெட்டி இல்லங்குது என்று பெனாசிர் அனுப்பின படத்தில் வலது ஓரத்தில், விளிம்பை ஒட்டி, நெட்டுக்குத்தாக ஒரு குச்சி நின்றது. நல்ல சிவப்பு. எந்தக் குழந்தையும் காட்டிவிடும். கற்றுக்கொள்கிற பகுதியில்தான் கோளாறு, இன்னும் நிறையப் படங்கள் காட்டிப் பழக்கவேண்டும் என்று செண்பகவல்லி சொன்னாள், பழக்கினாள், வாரக்கணக்கில் பழக்கினாள், பெட்டி அந்தக் குச்சியைப் பார்க்கவே மாட்டேன் என்றது, பிடிவாதக்காரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது, பிறகுதான் தெரிந்தது, பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, அந்தப் பக்கம் யாரும் அதன் கண்ணில் காட்டவே இல்லை.

அது தெரிந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது, இப்போதும் இதோ கை மயிர் நிற்கிறது. சங்கரன்கோவிலில் கல்யாணம், கணவன் கோமதிநாயகத்தின் சித்தப்பா மகளுக்கு, கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது, அவர்கள் இரண்டு பேரும் வரிசையின் கடைக்கோடியில், சுவரை ஒட்டி. சாதம் வந்தது, கூட்டு வந்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் மேசை மேசையாக விறுவிறுவென்று ஊற்றிக்கொண்டு வந்தார், கடைசி முழு மேசையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார், மிச்சம் ஒட்டுப் போட்டிருந்த அரை மேசைக்கு வரவில்லை, அவருடைய கணக்கில் அந்த அரை மேசை மேசையே இல்லை. செண்பகவல்லி வெறும் சாதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பார்த்தாள், பார்த்தாள், பிறகு எழுந்துவிட்டாள். “சாம்பார் வரும், உக்காரு” என்றான் நாயகம். “வராது” என்றாள் அவள், “வராதுங்க, அதுதான் விஷயமே!” பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எச்சில் கையோடு மண்டபத்து வாசலுக்கு ஓடி ஒற்றைக் கையால் ஃபோனில் லைப்ரரியின் நிரலைத் திறந்து தேடினாள். புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தால் நேரமாகும் என்று லைப்ரரி பதினாறு பதினாறாகப் பந்தி வைக்கிறது, படத்தின் அகலம் பதினாறால் மீதியில்லாமல் வகுபட்டால் எல்லோருக்கும் சாப்பாடு. வகுபடாவிட்டால் மீந்து நிற்கிற புள்ளிகளுக்குத் தனியாக ஒரு பந்தி வைக்கவேண்டும். அந்த இடத்தில், புதுவகைக் கணினிக்கு என்று யாரோ எழுதிச் சேர்த்த வழியில், அந்தத் தனிப் பந்தியே இல்லை. மறந்துபோயிருக்கிறார்கள். கடைகளில் விற்கிற கேமராக்களில் பெரும்பாலும் பதினாறால் வகுபடுகிற படங்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பின் வட்டத்துக்குள் வெட்டி எடுத்த அவர்களுடைய படம் வகுபடாது. வலது ஓரத்தில் ஒரு மெல்லிய துண்டு, எப்போதுமே யாருமே பார்க்காத துண்டு. அங்கே ஒரு குச்சி நின்றால் நின்றதுதான். அன்று மண்டபத்து வாசலில் ரோஸ் பவுடர் அப்பிய வரவேற்புப் பொம்மை பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது, கிட்டப் போய் அதன் கன்னத்தைத் தட்டவேண்டும் போல அப்படி ஒரு குதூகலம்.

குதூகலம், ஆமாம், அந்தக் குதூகலத்தோடு நின்றிருக்கலாம். அதற்கு அடுத்தபடி வந்த எண்ணத்தின் பக்கம் அவள் போகமாட்டாள், இன்றைக்குப் போகமாட்டாள், பச்சை வரட்டும். அந்தப் பெட்டி இதுவரை போன முகாம்கள். வேண்டாம். மூன்றாவது பச்சை, நான்காவதும் பச்சை, சேர்ந்தே வந்துவிட்டன, அண்ணன் தம்பி மாதிரி. இதுவரை பெட்டி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பின ஆட்கள். காலையிலேயே பெனாசிர் அவளுடைய திருத்தத்தைப் போட்டு எல்லாப் பழைய படங்களையும் மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள், முடிந்ததும் கூப்பிடுகிறேன் அக்கா என்றாள், அதனால் ஃபோன் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது, கறுப்புத் திரை, அதைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்க்கிறாள், லேப்டாப்பில் பச்சை வருகிறது, ஃபோனில் என்ன வரும். யாருமே இருக்க மாட்டார்கள். ஓரத்தில் மட்டுமே குச்சி இருக்கிற ஆள் எத்தனை பேர் இருக்க முடியும், நடுவிலும் ஒன்று இருந்திருக்கும், பெட்டி பிடித்திருக்கும். இருக்க மாட்டார்கள். ஒருத்தர் இருந்தால். அந்த ஒருத்தர் வீட்டில் இப்போது யார் யார் ஒரே பாயில், அந்த இருமலுக்குப் பக்கத்தில். போகாதே என்றேன் அல்லவா, அந்தப் பக்கம் போகாதே. ஈவார் என்ன சொல்வார். நேற்று அவர் கேட்டிருந்தது ஒரு கேள்விதான், தவறுகிற இடத்தைக் காட்ட முடியுமா என்று, அவள் படத்தைக் காட்டவில்லை, நோயாளியின் படம் வெளியே போகக்கூடாது, அதனால் ஒரு சோதனை எழுதினாள், குட்டியூண்டு படம், ஒற்றைப் புள்ளி அகலத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு அகலத்திலும் கடைசி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, பொட்டு தெரிகிறதா, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்கிற சோதனை. எழுதும்போதே சந்தோஷமாக இருந்தது, மார்கழியில் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை தானாகப் போகிற மாதிரி. தேவைப்படுவதாகத் தெரியவில்லை. தேவைப்படும் ஐயா, தேவைப்படும்.

சிவப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் நின்று, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்து, சிவப்புப் பெருக்கல் குறியாகிவிட்டது. காது அடைத்துவிட்டது. கிரைண்டர் சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. அவ்வளவுதான், எட்டாவது மாடி, ஏசி குளிர், ஷட்டர் இறங்குகிறது, தேவைப்படுவதாக, எதில் தப்பு, எந்த வரியில் தப்பு, வேக வேகமாக அனுப்பாதே என்று நாயகம் சொன்னான், சாப்பிட்டுவிட்டு அனுப்பு என்றான், இப்போது உலகத்துக்கு முன்னால் சிவப்பாகக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், அதுதான் இந்தப் பஸ் ஸ்டாண்டின் குணம், தடுக்கி விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஈரக்கை லேப்டாப்பின் பலகையில் வழுக்கியது. மாவு கெட்டியாகிக் கல் திணறுகிற சத்தம் கேட்டும் அவளுக்கு அது தன் நெஞ்சின் சத்தம் என்றுதான் பட்டது. மாமனார் வந்துவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டம்ளரை எடுத்துத் தண்ணீர் தெளித்தார். “பெல்ட்டு கருகுத வாடை வருது, நீ என்னத்தப் பாக்க? சிவப்பா? பெயிலா?” “பெயில்தான் மாமா.” “சரி விடு, எங்க மில்லுல புது மிஷின் வந்தப்ப ஒரு மாசம் நூலு அந்துக்கிட்டேதான் கெடந்துது.” “பெயில்தான், ஆனா... பொறுங்க. பொறுங்க மாமா.” வரிகள் ஓடின. எழுத்துக்கள் கண்ணில் கலங்கி மறுபடி நின்றன. அவளுடைய வரி இல்லை. அவள் தொடாத வரி. வேறொரு வகைக் கணினிக்கு, கைக்கடக்கமான சின்னச் சின்னப் பெட்டிகளில் இருக்கிற வகைக்கு, தனியாக வேறொரு வழி எழுதியிருக்கிறது, அதற்குள் அவள் போகவே இல்லை, அதைத்தான் அவளுடைய சோதனை பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பொட்டு தெரிகிறதா என்று கேட்டிருக்கிறது, அது தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அங்கேயும் கடைசிப் பந்தி இல்லை. அங்கேயும்! “மாமா, இது என் தப்பு இல்ல, நான் வச்ச பரிச்சையில அவங்க பெயிலு!” ஆவுடையப்பன் டம்ளரோடு நின்று யோசித்தார். “அப்ப பாஸான மாதிரிதான?” “அதவிட மேல மாமா.” “அப்ப எதுக்கு அழுத?” அழுகிறாளா. கன்னத்தைத் தொட்டாள், மாவுதான் ஒட்டியது.

உட்காரவில்லை, நின்றபடியே, டிரம்மின்மேல் குனிந்து, மாவு படாத சுண்டுவிரலும் மோதிரவிரலுமாக ஈவாருக்கு எழுதினாள், இந்தச் சிவப்பு என் மாற்றத்தால் வந்ததல்ல, இதே தவறு இன்னோர் இடத்திலும் இருக்கிறது, சோதனை அதைக் காட்டுகிறது. அனுப்பினாள். அனுப்பினபின் ஒரு எழுத்துப் பிழை தெரிந்தது, ஐயோ, போகட்டும். அவர் ஊரில் இப்போது விடிந்திருக்குமா, காபி போடுவாரா, படகு நிஜமாகவே வைத்திருப்பாரா, படகோட்டிக்குச் சிவந்த கழுத்து இருக்கும், கோபக்காரராக இருப்பார், அல்லது கோபமே இல்லாதவராக இருக்கலாம், அன்றைக்கு அந்த ஒரு வரி எழுதும்போது அவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், பிள்ளை அழுதிருக்கலாம், இத்தனை வருஷமும் அவரை ஒரு ஷட்டராகவே வைத்திருக்கிறாளே. பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா. படிக்கப் பயந்து முதலில் கடைசி வரியைப் படித்தாள், நன்றி என்று இருந்தது, பிறகு மேலே போனாள். நீ சொல்வது சரி. இதை எப்படி இத்தனை காலம் நாங்கள் யாரும் பார்க்காமல் இருந்தோம் என்று தெரியவில்லை. அந்த இன்னொரு இடத்தையும் நீயே சரிசெய்கிறாயா? உனக்குத்தான் இப்போது இந்தப் பகுதி நன்றாகத் தெரியும். செண்பகவல்லி அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தாள். எங்கிருந்தோ ஒரு கூவல் வந்தது, அது தன்னுடையதுதான் என்று பிறகு தெரிந்தது, எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. இன்னொரு இடத்துக்கு நாலே வரி. முதல் இடத்துக்கு எழுதினதுபோலவே, மீந்தவர்களுக்கு ஒரு பந்தி, ஒற்றைப் புள்ளியானாலும் உட்காரவைத்துப் பரிமாறு. மறுபடி மஞ்சள் வட்டங்கள். மாவை வழித்துச் சட்டியில் எடுத்தாள், அரிசியைப் போட்டாள், கல்லின் சத்தம் கரகரவென்று மாறியது, அந்தக் கரகரப்பே ஒரு மேளம் மாதிரி இருந்தது. பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. கையால் தாளம் போட்டாள். சிவப்பு இருந்த இடம் பச்சை. எல்லாம் பச்சை, மேலிருந்து கீழ்வரை வயற்காடு மாதிரி, பிறகு ஒரு சின்ன ஊதா அடையாளம், சேர்த்தாயிற்று, அவளுடைய வரிகள் இனி லைப்ரரியின் வரிகள், எங்கெங்கோ யார் யாரோ எடுப்பார்கள், ஓரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், இவள் எழுதினாள் என்று தெரியாமலே.

ஃபோன் அதிர்ந்தது. பெனாசிர். அவள் பெயரைப் பார்த்ததுமே இதுவரை போகாதே போகாதே என்று தடுத்து வைத்திருந்த இடத்துக்கு மனம் ஓடிப்போய் நின்றுவிட்டது, அங்கே இருட்டாக இருந்தது. “சொல்லு பெனாசிர்.” “அக்கா, முடிஞ்சிருச்சு. மூணு பேரு.” மூன்று பேர். தரை குளிர்ந்தது. “ரெண்டு பேரு தாங்களாவே பெரியாஸ்பத்திரிக்குப் போயி மருந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, பேசிட்டேன், நல்லா இருக்காங்க. மூணாவது ஒரு பொம்பள, முத்துப்பேச்சின்னு பேரு, விளாத்திகுளம் பக்கம். படத்த டாக்டரும் பாத்துட்டாங்க, இருக்குன்னுட்டாங்க. அந்தம்மா இப்ப லைன்லதான் இருக்காங்க, நாளைக்கி வாங்க, திரும்பச் சளி பாக்கணும், மருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னா, அன்னைக்கி இல்லன்னீங்க, இன்னைக்கி எப்படி வந்துச்சு, யாரு தப்புன்னு கேக்குறாங்க. நான் என்னக்கா சொல்றது?” இருக்கிறாள். பேசுகிறாள். கோபமாகக் கேட்கிறாள். கோபப்பட மூச்சு இருக்கிறது. “சேத்து விடு, நான் பேசுதேன்.” கிரைண்டரை அணைத்தாள். திடீரென்று வீடு அமைதியாகி, அந்த அமைதிக்குள் ஓர் இருமல் கேட்டது, நீளமாக, அடியிலிருந்து வருகிற இருமல், பிறகு குரல். “யாரு?” “அக்கா, என் பேரு செண்பகவல்லி. அந்தப் பெட்டிக்கு உள்ள ஓடுதத எழுதுதவ நான். தப்பு எங்க பெட்டியிலதான்க்கா. படத்துல ஓரத்துல இருந்தத அது பாக்கல.” “ஓரத்துல இருந்தாக் கண்ணு தெரியாதாக்கும்?” “தெரியலக்கா. இப்பச் சரி பண்ணிட்டோம்.” “இப்பச் சரி பண்ணுவீக. ஒண்ணுமில்லன்னு சீட்டக் குடுத்தீகளே, அந்தச் சீட்ட வச்சுக்கிட்டு எங்க வீட்டுல என்ன பாடு படுத்துனாகன்னு தெரியுமா? வேலைக்குப் போவப் பிடிக்காம இருமுதான்னு சொன்னாக. நடிக்கான்னு சொன்னாக. நாத்தனாகாரி நான் இருமுத மாதிரி இருமிக் காட்டுதா. ராத்திரி வாயில துணிய வச்சு அமுக்கிக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன் நான். எனக்கே சந்தேகம் வந்துட்டுது, நெசமாவே நாந்தான் இழுத்து இழுத்து இருமுதனோன்னு.” செண்பகவல்லி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், திட்டட்டும், இன்னும் திட்டட்டும், இந்தக் குரல் நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது, இத்தனை நாள் படத்தின் ஓரத்தில் ஒரு குச்சியாக மட்டுமே இருந்த ஆள் இவள்தான், இவளுக்கு நாத்தனார் இருக்கிறாள், வாயில் வைத்து அமுக்கத் துணி இருக்கிறது. “அக்கா, நீங்க நடிக்கல.” “என்னது?” “நீங்க நடிக்கலக்கா. உங்களுக்கு உண்மையாவே நோய் இருக்கு. மருந்து சாப்பிட்டாச் சரியாப் போகும், முழுசா விடாமச் சாப்பிடணும். ஆனா நீங்க நடிக்கல. படத்துலயே இருக்கு.” அந்தப் பக்கம் ஒரு கோழியின் சத்தம். தூரத்தில் டிவி. பிறகு முத்துப்பேச்சியின் குரல் மாறியிருந்தது, யாரையோ பார்த்துப் பேசுகிற குரல், “ஏய், அந்த டிவிய அமத்து. எல்லாரும் இங்க வாங்க. அவரையுங் கூப்புடு.” காலடிகள். பாத்திரம் ஒன்று உருண்டது. “எம்மா, நான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இப்பச் சொன்னியே, அத இன்னொரு தரஞ் சொல்லு. சத்தமாச் சொல்லு.” செண்பகவல்லி அடுக்களையின் நடுவில் நிமிர்ந்து நின்றாள். கூடத்திலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, ரயில் போகும்போது பேசுகிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். “முத்துப்பேச்சி அக்கா நடிக்கல! அவங்களுக்கு நிஜமாவே காசநோய் இருக்கு! நாங்கதான் பாக்கல!”

“இன்னுங் கொஞ்சஞ் சத்தமா,” என்றது முத்துப்பேச்சியின் குரல்.